ரப்பர் துண்டில் விழுந்த வெடிப்பு: லாஸ் ஏஞ்சலஸ் பனிப்புகையில் ஓசோனும் இரட்டைப் பிணைப்பும்

1943 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையப் பகுதியில், பட்டப்பகலில், மூன்று தெருவுக்கு அப்பால் எதுவும் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குப் புகை கவிந்தது. கண்கள் எரிந்து நீர் கொட்டியது, தொண்டை கரகரத்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால் ஜப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டனரோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். அச்சம் தணிந்ததும் மக்களின் கோபம், போர்த் தேவைக்கான செயற்கை ரப்பருக்காகப் பியூட்டாடையீன் தயாரித்துவந்த ஓர் ஆலையின்மீது திரும்பியது. ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. ஆனாலும் பனிப்புகை மீண்டும் மீண்டும் வந்தது.

அந்தப் பழி தவறானதுதான். ஆனால் முற்றிலும் அடிப்படையற்றது என்று சொல்லிவிட முடியாது என்பதே இந்த நிகழ்வை ஆராயும்போது முதலில் கண்ணில் படுகிறது. பியூட்டாடையீன், கார்பன் அணுக்களுக்கிடையே இரண்டு இரட்டைப் பிணைப்புகளைக் கொண்ட நிறைவுறா ஹைட்ரோகார்பன். ஓசோன் நிறைந்த காற்றில் அது சிதைந்தால் அக்ரோலினும் ஃபார்மால்டிஹைடும் உண்டாகும். எண்ணெய்ச் சட்டி தீயும்போது கண்ணைக் கரிக்கும் அந்த நெடி அக்ரோலினுடையதே. கண்ணெரிச்சலுக்கும் இரட்டைப் பிணைப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்ற உண்மையின் ஒரு நுனியை, காரணம் அறியாமலேயே, மக்கள் தொட்டிருந்தனர். அவர்கள் அறியாதது, அந்த இரட்டைப் பிணைப்பு ஓர் ஆலையிலிருந்து மட்டும் வரவில்லை, நகரின் ஒவ்வொரு காரின் பெட்ரோல் தொட்டியிலிருந்தும் புகைக்குழாயிலிருந்தும் வந்துகொண்டிருந்தது என்பதுதான்.

லண்டனை மனத்தில் வைத்துத் தேடியவர்கள்

புகை என்றால் நிலக்கரி, நிலக்கரி என்றால் கந்தக டைஆக்சைடு என்பது அக்காலத்துப் பொதுவான அறிவு. லண்டன், செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க் ஆகிய நகரங்களின் அனுபவம் அதுதான். செயின்ட் லூயிஸில் நிலக்கரிப் புகையைக் கட்டுப்படுத்திப் பெயர் பெற்ற ரேமண்ட் டக்கரை ஒரு நாளிதழ் லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்துவந்தது. 1947இல் அவருடைய அறிக்கை வெளியானது. அதே ஆண்டில் மாவட்ட அளவில் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றும் உருவாயிற்று. அந்த அமைப்பு முதலில் கைவைத்தது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கந்தக டைஆக்சைடு, திறந்தவெளிக் குப்பை எரிப்பு, தொழிற்சாலைத் தூசு ஆகியவற்றின்மீதுதான். அவற்றைக் குறைத்தது நல்ல காரியம். ஆனால் கண்ணெரிச்சல் குறையவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் நிலக்கரி எரிப்பு மிகக் குறைவு. பனிப்புகை வந்ததும் குளிர்காலக் காலைகளில் அல்ல. வெயில் கொளுத்தும் கோடை, இலையுதிர்கால நாட்களின் நடுப்பகலில்தான் அது உச்சத்தை எட்டியது. லண்டன் புகையிலுள்ள கந்தக டைஆக்சைடு ஓர் ஒடுக்கும் பொருள். லாஸ் ஏஞ்சலஸ் காற்றோ பொட்டாசியம் அயோடைடு கரைசலிலிருந்து அயோடினை விடுவித்தது. அதாவது அது ஆக்சிஜனேற்றும் காற்று. வேதியியலின் கண்கொண்டு பார்த்தால் இவ்விரண்டும் எதிரெதிர் இயல்புடையவை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததே பல ஆண்டுகளை வீணாக்கிற்று என்று நான் கருதுகிறேன்.

நகரின் அமைப்பும் கைகொடுத்தது. மேற்கே பசிபிக் பெருங்கடல், வடக்கிலும் கிழக்கிலும் மலைகள். குளிர்ந்த கடற்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துவிடும்போது, தரைக்கு மேல் சில நூறு மீட்டருக்குள் நகரின் மூச்சு முழுவதும் அடைபட்டுவிடும். அந்த மூடிக்குக் கீழே, மேகமற்ற வானத்தின் வெயிலில், வேதிவினைகளுக்குப் பல மணி நேர அவகாசம் கிடைத்தது.

அன்னாசி மணத்திலிருந்து பனிப்புகைக்கு

ஆரி ஹாகென்-ஸ்மிட் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1900இல் பிறந்தவர். பசடேனாவிலுள்ள கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர். அவர் கைதேர்ந்த துறை தாவரங்களின் மணம். அன்னாசிப்பழத்தின் வாசனைக்குக் காரணமான, மிகச் சிறிய அளவில் மட்டுமே இருக்கும் ஆவிப்பொருள்களைக் குளிரவைத்துப் பொறிகளில் சேகரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் காண்பது அவருடைய பணி. 1940களின் இறுதியில் அதே முறையைப் பசடேனாவின் காற்றுக்கு அவர் பயன்படுத்தினார். பெருமளவு காற்றைக் கடுங்குளிர்ப் பொறிகளின் வழியே இழுத்தபோது, அடியில் தங்கியது சில துளி நாற்றமடிக்கும் பழுப்புத் திரவம். அதில் ஆல்டிஹைடுகளும் கரிம அமிலங்களும் பெராக்சைடுகளும் இருந்தன.

ஒரு கரிம வேதியியலாளருக்கு இந்தப் பட்டியல் மிகவும் பழக்கமானது. நம் மேல்நிலை வகுப்பு மாணவரும் இதை அறிவார். இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பனான ஆல்க்கீன் ஒன்றின் வழியே ஓசோனைச் செலுத்தி, கிடைக்கும் ஓசோனைடைத் துத்தநாகமும் நீரும் கொண்டு சிதைத்தால் இரட்டைப் பிணைப்பு இருந்த இடம் துண்டிக்கப்பட்டு ஆல்டிஹைடோ கீட்டோனோ கிடைக்கும் என்று பாடப்புத்தகத்தில் ஓசோனாற் பகுப்பு என்ற தலைப்பில் படிக்கிறோம். துத்தநாகம் இல்லாவிட்டால் ஆல்டிஹைடு அமிலமாக மாறிவிடும். குடுவைக்குள் நடக்கும் அந்த வினையின் விளைபொருள்கள் ஊர்க்காற்றில் மிதக்கின்றன என்றால், வினைபடு பொருள்கள் இரண்டும் அதே காற்றில் இருந்தாக வேண்டும். ஹாகென்-ஸ்மிட்டின் சிந்தனை இந்தத் திசையில்தான் சென்றது. நிறைவுறா ஹைட்ரோகார்பன் எங்கிருந்து வருகிறது என்பது எளிதில் விளங்கியது. கனமான எண்ணெய் மூலக்கூறுகளை வெப்பத்தால் உடைத்துத் தயாரிக்கும் பெட்ரோலில் ஒலிஃபீன்கள், அதாவது ஆல்க்கீன்கள், ஏராளம். ஆனால் ஓசோன்? அதை எந்தப் புகைக்கூண்டும் வெளியிடுவதில்லை.

ரப்பர் சொன்ன சாட்சி

ஓசோன் இருக்கிறதா என்பதை நிறுவுவதில் ஒரு சிக்கல் இருந்தது. அயோடைடு கரைசல் ஓசோனுக்கு மட்டும் நிறம் மாறுவதில்லை. பெராக்சைடுகளும் நைட்ரஜன் டைஆக்சைடும்கூட அதை ஓரளவு மாற்றும். ஓசோனுக்கு மட்டும் கட்டுப்பட்டுச் சாட்சி சொல்லும் ஒன்று தேவைப்பட்டது. அது லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்நகரின் கார் டயர்கள் பிற ஊர்களைவிட விரைவாக வெடிப்பு விடுவதை ரப்பர் தொழிலில் இருந்தவர்கள் கவனித்திருந்தனர்.

இயற்கை ரப்பர் என்பது ஐசோபிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு மிஞ்சியிருக்கும். இந்த அமைப்பைக் கண்டறிவதற்கே ஓசோன்தான் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஹாரீஸ் ரப்பரை ஓசோனால் வெட்டி, கிடைத்த துண்டுகளிலிருந்து அதன் கட்டமைப்பை ஊகித்தார். பிராட்லி என்பவருடன் சேர்ந்து ஹாகென்-ஸ்மிட் அதே வினையைத் திருப்பிப் போட்டார். இம்முறை கேள்வி ரப்பரைப் பற்றியது அல்ல, ஓசோனைப் பற்றியது. 1951இல் வெளியான அவர்களின் முறை மிக எளியது. ஒரு சிறு ரப்பர் துண்டை வளைத்துப் பிடித்து, காற்று பாயும் குழாயில் வைத்து, முதல் வெடிப்பு தோன்றும்வரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நேரம் குறையக் குறைய, ஓசோன் அதிகம் என்று பொருள்.

வளைத்த ரப்பர் துண்டை உருப்பெருக்கியால் பார்த்தால் இந்த வினையின் நுட்பம் விளங்கும். வெடிப்புகள் கண்டபடி ஓடுவதில்லை. இழுவிசையின் திசைக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக, மயிரிழைபோல் விழுகின்றன. வளைவின் வெளிப்புறத்தில் மட்டுமே அவற்றைக் காணலாம். உட்புறம் வழவழப்பாகவே இருக்கும். காரணம் என்னவென்றால், ஓசோன் ரப்பருக்குள் ஊடுருவிச் செல்வதற்கு முன்பே மேற்பரப்பிலுள்ள இரட்டைப் பிணைப்புகள் அதைத் தின்று தீர்த்துவிடுகின்றன. இழுவிசை இல்லாத ரப்பரில் அத்துடன் வேலை முடிந்தது. விளைபொருள்கள் மெல்லிய ஏடாகப் படிந்து அடியிலுள்ளதைக் காக்கும். இழுத்துப் பிடித்த ரப்பரிலோ அறுந்த சங்கிலிகளின் முனைகள் விலகிப் புதிய பரப்பைத் திறந்துவிடும். அங்கே மீண்டும் ஓசோன் தாக்கும், பிளவு இன்னும் இறங்கும். காற்றிலுள்ள சாதாரண ஆக்சிஜனால் ரப்பர் மூப்படைவது உண்டு. ஆனால் அப்போது அது பிசுபிசுப்பாகவோ மொரமொரப்பாகவோ மாறுமே தவிர, இப்படிக் கோடு கிழித்தாற்போல் வெடிப்பதில்லை. மிதிவண்டி டயரின் பக்கச் சுவரில் தெரியும் நுண்ணிய கோடுகளைப் பார்த்தவர் அனைவரும் ஓசோனாற் பகுப்பைக் கண்ணால் பார்த்தவரே.

இந்த முறையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு மாசுப்பொருளை அதன் அளவால் மட்டும் தேடாமல் அதன் நடத்தையால் அடையாளம் காண்பது இதில் நடந்தது. பின்னாளில் அமெரிக்க அரசு ஓசோனை அளக்க அதிகாரபூர்வமாக ஏற்ற முறையும் இதே வினையின் இன்னொரு வடிவம்தான். காற்றுடன் எத்திலீன் வாயுவைக் கலந்தால், ஓசோன் அதன் இரட்டைப் பிணைப்பை உடைக்கும்போது கிளர்வுற்ற ஃபார்மால்டிஹைடு உண்டாகி மங்கலான நீல ஒளியை உமிழும். அந்த ஒளியை அளந்தால் ஓசோன் அளவு கிடைக்கும்.

பிணைப்பு உடையும் விதம்

ஓசோன் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் வளைந்து இணைந்த மூலக்கூறு. அதன் இரு முனைகளும் இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள, ஐந்து அணுக்கள் கொண்ட வளையம் ஒன்று பிறக்கிறது. இதற்கு முதல்நிலை ஓசோனைடு என்று பெயர். இந்த வளையம் உருவாகும்போது மோலுக்கு 200 கிலோஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிப்படுகிறது. திரவத்தில் அந்த வெப்பத்தைக் கரைப்பான் உடனே வாங்கிக்கொள்ளும். காற்றில் வாங்கிக்கொள்ள ஆள் குறைவு. அதனால் பிறந்த வளையம் பிறந்த வேகத்திலேயே இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு சாதாரணமான ஆல்டிஹைடு அல்லது கீட்டோன். மற்றொரு துண்டு, கார்பனில் இரண்டு ஆக்சிஜன்கள் வரிசையாகத் தொங்கும் ஒரு விந்தையான பொருள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் பணியாற்றிய ருடால்ஃப் கிரீகே 1949இல் இத்தகைய இடைப்பொருள் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று வாதிட்டார். அது இன்று அவர் பெயராலேயே கிரீகே இடைப்பொருள் என்று அழைக்கப்படுகிறது.

திரவத்தில் இவ்விரு துண்டுகளும் மீண்டும் கைகோத்து வேறு வகை ஓசோனைடாகிவிடும். பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். காற்றில் அவை ஒன்றையொன்று மறுபடி சந்திப்பது அரிது. குடுவை வேதியியலும் வளிமண்டல வேதியியலும் பிரியும் இடம் இது. இதைக் கவனிக்காமல் பாடப்புத்தகச் சமன்பாட்டை அப்படியே வானத்தில் எழுதிவிடுவது இன்றும் பல கட்டுரைகளில் காணப்படும் பிழை.

எல்லா இரட்டைப் பிணைப்புகளும் ஒரே வேகத்தில் உடைவதில்லை. ஓசோன் எலக்ட்ரான் செறிவைத் தேடி வரும் மூலக்கூறு. இரட்டைப் பிணைப்பைச் சுற்றி மெத்தில் தொகுதிகள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்டவை) கூடக்கூட எலக்ட்ரான் செறிவு கூடும், வினை வேகமும் கூடும். காற்றில் நூறு கோடியில் 100 பங்கு ஓசோன் இருப்பதாகக் கொண்டால், ஓசோனை மட்டும் எதிர்கொள்ளும் எத்திலீனின் சராசரி ஆயுள் ஏறத்தாழ மூன்று நாட்கள். புரோப்பீனுக்கு அது பதினோரு மணி நேரம். டிரான்ஸ்-2-பியூட்டீனுக்கு அரை மணிக்குச் சற்று அதிகம். இரட்டைப் பிணைப்பின் நான்கு பக்கமும் மெத்தில் சூழ்ந்த 2,3-டைமெத்தில்-2-பியூட்டீன் ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரட்டைப் பிணைப்பே இல்லாத புரோப்பேனும் பியூட்டேனும் ஓசோனைப் பொருட்படுத்துவதில்லை. பென்சீனும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே பெட்ரோல் ஆவியில் சில கூறுகள் நிமிடங்களில் மறைவதும் சில கூறுகள் நாட்கணக்கில் மிதப்பதும் இதனால்தான்.

கீரை இலையின் அடிப்புறம்

1944 முதல் லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுப்புறப் பண்ணைகளில் பசலைக்கீரை, பீட்கிழங்கு, லெட்டூஸ் ஆகியவற்றின் இலைகளில் புதுவகை நோய் காணப்பட்டது. இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் பளபளத்து, பிறகு வெண்கல நிறமாகிக் காய்ந்தது. பூஞ்சையும் இல்லை, பூச்சியும் இல்லை. கந்தக டைஆக்சைடு ஏற்படுத்தும் காயமும் இப்படி இராது. கந்தகத்தால் பட்ட காயம் நரம்புகளுக்கு இடையே வெளுத்த திட்டுகளாகத் தெரியும்.

ஹாகென்-ஸ்மிட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் மூடிய அறைகளில் செடிகளை வைத்து, பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் தனித்தனியாகவும் கலந்தும் செலுத்திப் பார்த்தனர். ஒலிஃபீனும் ஓசோனும் கலந்தபோது வயலில் கண்ட அதே வெள்ளிப் பளபளப்பு தோன்றியது. 1952இல் வெளியான இந்த முடிவு வழக்கின் திருப்புமுனை. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் பனிப்புகையின் வேதியியலைப் பற்றிய அவருடைய கட்டுரை, ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சூரிய ஒளியில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று விளக்கியது. ஓசோனை எந்தக் கூண்டும் வெளியிடவில்லை என்ற புதிர் அங்கே அவிழ்ந்தது. நைட்ரஜன் டைஆக்சைடை ஒளி உடைக்கிறது. விடுபட்ட ஆக்சிஜன் அணு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது.

எண்ணெய்த் தொழிலின் ஆதரவில் ஆய்வு நடத்திய ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தார் முதலில் இதை ஏற்கவில்லை. கருத்து மாறுபாடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அந்த எதிர்ப்பே அவரை ஓய்வுநேர ஆய்வாளர் என்ற நிலையிலிருந்து முழுமூச்சாக இந்த வேலையில் இறக்கியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு.

அவருடைய முடிவு முழுக்கச் சரியா என்று இன்று கேட்டால், பெரும்பாலும் சரி, ஆனால் ஓரிரு இடங்களில் திருத்தம் தேவை என்று சொல்ல வேண்டும். 1956இல் ஸ்டீஃபன்ஸும் உடன் ஆய்ந்தோரும் நீண்ட அகச்சிவப்புக் கதிர்ப் பாதையில் புதிய சேர்மம் ஒன்றைக் கண்டு, முதலில் சேர்மம் எக்ஸ் என்று அழைத்தனர். அது பெராக்சிஅசிட்டைல் நைட்ரேட். வயல்வெளியில் வெள்ளிப் பளபளப்பை ஏற்படுத்தியதில் இந்தச் சேர்மத்துக்கே பெரும்பங்கு என்று பின்னர் தெரியவந்தது. ஓசோன் தனியாக ஏற்படுத்தும் காயம் வேறு. அது இலையின் மேற்புறத்தில் நுண்புள்ளிகளாக விழும். 1950களின் இறுதியில் திராட்சையிலும் புகையிலையிலும் அதை அடையாளம் கண்டனர். ஆக, சோதனை அறையில் ஒலிஃபீன்–ஓசோன் கலவை உண்டாக்கிய பெராக்சைடு வகை நஞ்சுகள் வயலில் நடந்ததைப் போன்ற காயத்தைத் தந்தன. ஆனால் வயலில் நடந்தது அது ஒன்று மட்டும் அல்ல. ஒரே காயத்துக்கு இரு கைகள் இருக்கலாம் என்பதைச் சோதனை அறை காட்டிக்கொடுக்கவில்லை. இதனால் அவருடைய சாதனை குறைந்துபோய்விடவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

ஓசோனைத் தின்னும் வினை ஓசோனை வளர்ப்பது எப்படி

இந்த நிகழ்வில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுவே. ஓசோனும் ஒலிஃபீனும் வினைபுரிந்தால் ஓசோன் குறையத்தானே வேண்டும்? ஒரு மூலக்கூறு ஒலிஃபீன் ஒரு மூலக்கூறு ஓசோனை விழுங்குகிறது. அப்படியிருக்க, ஒலிஃபீன் மிகுந்த நகரத்தில் ஓசோன் உச்சம் ஏறியது எப்படி?

விடை கிரீகே இடைப்பொருளின் அடுத்த செயலில் இருக்கிறது. ஆற்றல் ததும்பிப் பிறக்கும் அந்தத் துண்டில், கார்பனின் அருகே மெத்தில் தொகுதி பொருத்தமான திசையில் அமைந்திருந்தால், அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் நழுவி முனை ஆக்சிஜனில் ஒட்டிக்கொள்ளும். உடனே ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து ஹைட்ராக்சில் தனிஉறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, வினைபுரியத் துடிக்கும் துண்டு) வெளியேறும். காற்றில் இதைவிடப் பசியுள்ள பொருள் அரிது. ஓசோன் தொடாத புரோப்பேனையும் பியூட்டேனையும்கூட இது தாக்கும். 2,3-டைமெத்தில்-2-பியூட்டீன் நூறு மூலக்கூறு உடைந்தால் ஏறத்தாழ 90 ஹைட்ராக்சில் பிறக்கின்றன. எத்திலீனில் அது 16 அளவுக்குத்தான். இப்படிப் பிறந்த ஹைட்ராக்சில் வேறு ஹைட்ரோகார்பன்களைத் தாக்கிப் பெராக்சி தனிஉறுப்புகளை உண்டாக்குகிறது. அவை நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டைஆக்சைடாக மாற்றுகின்றன. வழக்கமாக அந்த வேலையைச் செய்ய ஓர் ஓசோன் மூலக்கூறு பலியாக வேண்டும்; பெராக்சி அந்த வேலையைச் செய்துவிடுவதால் அந்த ஓசோன் தப்பிக்கிறது. டைஆக்சைடை ஒளி உடைக்க, புதிய ஓசோன் பிறக்கிறது. ஒரு ஓசோன் செலவழிந்து பல ஓசோன் வரவாகும் கணக்கு இது.

ஹைட்ராக்சில் தனிஉறுப்பின் இந்தப் பங்கு 1950களில் யாருக்கும் தெரியாது. தரைமட்டக் காற்றின் வேதியியலையே அது நடத்துகிறது என்று 1971இல் லெவி எடுத்துரைத்த பிறகுதான் படம் முழுமையடைந்தது. பகலில் பெரும்பாலான ஒலிஃபீன்களை ஹைட்ராக்சிலே முதலில் பிடித்துவிடுகிறது. சூரியன் மறைந்த பின் ஒளியால் பிறக்கும் ஹைட்ராக்சில் நின்றுபோகும். அப்போதும், ஒளி வலுவிழந்த குளிர்காலத்திலும், ஓசோன்–ஒலிஃபீன் வினைதான் ஹைட்ராக்சிலுக்கு முக்கிய ஊற்று. வெளிச்சம் தேவைப்படாத ஊற்று என்பதே அதன் தனிச்சிறப்பு.

மூட்டத்தின் பிறப்பு

மூன்று தெருவுக்கு அப்பால் பார்க்க முடியாமல் செய்தது வாயு அல்ல, நுண்துகள். ஒலிஃபீன் உடைந்தால் சிறிய துண்டுகள்தானே வரும், அவை ஆவியாகவே மிதக்காதா என்று கேட்கலாம். நேர்சங்கிலி ஒலிஃபீன்களில் பெரும்பாலும் அப்படித்தான். வளைய ஒலிஃபீன்களின் கதை வேறு. வளையலை ஓரிடத்தில் உடைத்தால் இரண்டு துண்டாவதில்லை; விரிந்த ஒரே துண்டாகவே கையில் நிற்கும். சைக்ளோஹெக்சீனின் இரட்டைப் பிணைப்பை ஓசோன் உடைத்தால் ஆறு கார்பன்களும் ஒரே மூலக்கூறில் தங்கி, இரு முனையிலும் ஆக்சிஜன் தொகுதிகள் ஏறிக்கொள்கின்றன. அடிப்பிக் அமிலம் போன்ற இந்தக் கனமான பொருள்களால் ஆவியாக நீடிக்க முடியாது. அவை துகளாகப் படிகின்றன.

ஹாகென்-ஸ்மிட்டின் கழகத்தில் அவரோடு பணியாற்றிய தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் இதே எண்ணத்தைக் காட்டுக்குக் கொண்டுசென்றார். மலைக்காடுகளின்மேல் கோடையில் தொங்கும் நீல மூட்டம், மரங்கள் விடும் டெர்ப்பீன்கள் காற்றில் ஆக்சிஜனேற்றமடைவதால் வருவது என்று 1960இல் அவர் எழுதினார். பைன் மரத்தின் மணமான ஆல்ஃபா-பைனீனும் ஆரஞ்சுத் தோலின் மணமான லிமோனீனும் வளைய ஒலிஃபீன்களே. தூய காற்றில் இருக்கும் நூறு கோடியில் 30 பங்கு ஓசோனிலேயே பைனீன் நான்கு மணி நேரத்திலும் லிமோனீன் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் கரைந்துவிடும். நகரின் பனிப்புகையும் காட்டின் நீல மூட்டமும் ஒரே வினையின் இரு முகங்கள் என்பதை ஒரே கழகத்தின் இரு அறிஞர்கள் காண நேர்ந்தது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பைனீனிலிருந்து துகள் எவ்வளவு விரைவாகப் பிறக்கிறது என்பதைப் பழைய விளக்கங்களால் ஈடுகட்ட முடியவில்லை. 2014இல் மிகாயெல் ஏன் (Mikael Ehn) என்ற ஆய்வாளரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட முடிவு அந்த இடைவெளியை நிரப்பியது. ஓசோன் தாக்கிய பைனீனில் பிறக்கும் பெராக்சி தனிஉறுப்பு, தன் உடலிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு மேலும் ஓர் ஆக்சிஜனை ஏற்கிறது. பிறகு மீண்டும், அதற்குப் பிறகும். சில நொடிகளில் ஆக்சிஜனைச் சுமந்து கனத்துப்போன மூலக்கூறு, பிறந்ததும் துகளில் ஒட்டிக்கொள்கிறது.

அறுபது ஆண்டுகள் கழித்துக் கண்ணில் பட்டவர்

கிரீகே 1975இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய இடைப்பொருளை அதுவரை ஒருவரும் வாயு நிலையில் நேரில் கண்டதில்லை. 2008இல்தான் அதன் மிக எளிய வடிவம் முதன்முறையாக வாயு நிலையில் அடையாளம் காணப்பட்டது. 2012இல் வெல்ஸும் உடன் ஆய்ந்தோரும் அதை ஓசோன் வழியாக அல்லாமல், டைஅயோடோமீத்தேனிலிருந்து நேரடியாகத் தயாரித்து அதன் வினை வேகங்களை அளந்தனர். கந்தக டைஆக்சைடுடன் அது வினைபுரியும் வேகம் முன்பு கணித்ததைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் அதிகமாக இருந்தது. அந்த வினையில் கந்தக டிரைஆக்சைடு உண்டாகி, நீராவியைத் தொட்டதும் கந்தக அமிலமாகித் துகளுக்கு விதையாகிறது.

அப்படியானால் காற்றிலுள்ள கந்தகமெல்லாம் இவ்வழியே அமிலமாகிறதா? இல்லை. 2015இல் தைவானில் நடந்த அளவீடு, இணைந்த இரு நீர் மூலக்கூறுகள் இந்த எளிய இடைப்பொருளை மிக வேகமாக விழுங்கிவிடுகின்றன என்று காட்டியது. ஈரக்காற்றில் அதற்குக் கந்தகத்தைச் சந்திக்கவே அவகாசம் இராது. இரு மெத்தில் தொகுதிகள் தாங்கிய இடைப்பொருளோ நீரிடம் அவ்வளவு எளிதில் சிக்காது. அதற்குக் கந்தகத்தைப் பிடிக்க நேரம் இருக்கிறது. 1940களில் கந்தக டைஆக்சைடுதான் குற்றவாளி என்று தேடியவர்களை எண்ணிப் பார்க்கிறேன். சுத்திகரிப்பு ஆலையின் கந்தகமும் கார்களின் ஒலிஃபீனும் ஒரே காற்றில் கலந்த அந்நாட்களில், அவர்கள் விரட்டிய கந்தகத்தில் ஒரு பகுதி, அவர்கள் அறியாத இந்த வினையின் வழியேயும் மூட்டமாகியிருக்க வேண்டும்.

பெட்ரோலில் கைவைத்தது

வேதியியல் நிலைபெற்ற பின் நடவடிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிக்கும் அடுப்புகளுக்கு 1957இல் தடை விழுந்தது. 1960களின் தொடக்கத்தில் எஞ்சின் அடிப்பகுதியிலிருந்து கசியும் ஆவியை மீண்டும் எஞ்சினுக்கே திருப்பும் கருவி கலிஃபோர்னியாவில் கட்டாயமாயிற்று. மாநிலக் காற்றுவள வாரியத்தின் முதல் தலைவராக 1968இல் ஹாகென்-ஸ்மிட்டே பொறுப்பேற்றார். 1975 முதல் புதிய கார்களில், புகையிலுள்ள மாசுகளை வேதிவினையால் மாற்றும் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. 1977இல் அவர் மறைந்தார். 1996இல் கலிஃபோர்னியா பெட்ரோலில் ஒலிஃபீன் அளவு பருமனில் 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் செடி அறைக்குள் அவர் செலுத்திய அதே ஆவியின்மீது விழுந்த வரம்பு அது.

1950களின் நடுப்பகுதியில் பத்து லட்சத்தில் 0.6 பங்கைத் தாண்டிய ஓசோன் உச்சம் இன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ஆனால் கூட்டாட்சி அரசின் வரம்பான 0.07ஐ லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம் இன்னும் எட்டவில்லை. கார்களின் பங்கு சுருங்கச் சுருங்க, சவர்க்காரம், வாசனைத் திரவியம், வண்ணப்பூச்சு, துப்புரவுத் திரவம் ஆகியவற்றின் ஆவிகள் கணக்கில் முன்னுக்கு வந்துள்ளன. எலுமிச்சை மணமுள்ள தரை துடைப்பானில் இருப்பது லிமோனீன். சன்னல் வழியே ஓசோன் உள்ளே வரும் பிற்பகலில், துடைத்த தரைக்கு மேலேயே ஃபார்மால்டிஹைடும் நுண்துகளும் பிறக்கின்றன. அந்த அறைக்குள் இருக்கும் மனிதரின் தோலில் கசியும் ஸ்குவாலீனிலும் ஆறு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் அவற்றையும் உடைத்து அசிட்டோனையும் ஆல்டிஹைடுகளையும் விடுவிக்கிறது.

நைட்ரிக் ஆக்சைடு குறைந்ததன் விளைவு இரவில் தெரிகிறது. முன்பு அந்தி சாய்ந்ததும் வாகனங்களின் நைட்ரிக் ஆக்சைடு நகரின் ஓசோனைப் பெரும்பாலும் துடைத்துவிடும். இப்போது அதில் ஒரு பகுதி விடியும்வரை மிஞ்சுகிறது. காற்றிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை அது இருட்டிலும் உடைத்துக்கொண்டிருக்கிறது.